வால்டா வென்ற இறைச்சித் தட்டு

மெரிபூல் தொடக்கப் பள்ளிக்குப் போகிற வழியில், ஸ்கின்னர் ஓடையின் மேலிருக்கும் ஒற்றைவழிப் பாலத்தின் முனையில் வால்டா டிரெலோர் பதினாறு வருடம் நின்றார். ஆரஞ்சு மேலங்கி, அகன்ற வெள்ளைத் தொப்பி, கையில் ‘நில்’ என்று எழுதிய வட்டப் பலகை. காலை எட்டிலிருந்து ஒன்பது வரை, மாலை மூன்றிலிருந்து நான்கு வரை. அவர் பலகையைத் தூக்கினால் கல்குவாரி லாரி நிற்கும். பிள்ளைகள் கூட்டமாகப் பாலத்தைக் கடந்து போவார்கள். பலகையை இறக்கினால் லாரி மறுபடியும் உறுமிக்கொண்டு கிளம்பும். அவருக்கு எழுபத்தோரு வயது. அதற்கு முன் இருபத்தெட்டு வருடம் வெண்ணெய் ஆலையில் பெட்டி அடுக்கியவர். ஆலையை மூடிய மறு மாதமே இந்தப் பலகையைக் கையில் எடுத்தார்.

அந்தப் பாலம் பால் வண்டிகள் போவதற்காகக் கட்டியது. இரண்டு பக்கமும் தகரத் தடுப்பு, நடுவில் ஒரு லாரி போகிற அகலம். நடக்கிறவனுக்கு என்று ஒரு சாண் இடம் கிடையாது. முன்பெல்லாம் அது யாருக்கும் பெரிதாகப் படவில்லை. ஓடைக்கு மேற்கே நான்கு பண்ணைகள், நூற்றுக்கணக்கில் மாடுகள், பதினோரு பிள்ளைகள். அந்தப் பதினோரு பேரில் நானும் ஒருவன். என் அப்பா அங்கே அடுத்தவர் பண்ணையில் பால் கறந்தார். எங்கள் குடும்பத்தில் பல்கலைக்கழகத்துக்குள் காலெடுத்து வைத்தவன் நான்தான். நகரத் திட்டமிடல் படித்து, பக்கத்து மாவட்டக் கவுன்சிலில் வேலை பார்க்கிறேன். அதைச் சொல்லிக்கொள்ள எனக்குக் கூச்சமில்லை. கூச்சப்பட வேண்டிய விஷயம் ஒன்று பின்னால் வருகிறது.

பிறகு பண்ணைகளை ஒரு கம்பெனி வாங்கியது. ‘ஸ்பூன்பில் ஷோர்ஸ்’ என்று பெயர் வைத்தது. ஷோர் என்றால் கடற்கரை. கடல் எங்கள் ஊரிலிருந்து எண்பது கிலோமீட்டர். ஸ்பூன்பில் என்கிற அந்தக் கரண்டிவாயன் பறவையை நான் இருபத்தேழு வயதுக்குள் ஒரு முறை பார்த்திருக்கிறேன், அதுவும் மிருகக்காட்சி சாலையில்.

ஒன்பது வருடத்துக்கு முன்னால், மனைப் பிரிவுக்கு அனுமதி கேட்டுக் கம்பெனி விண்ணப்பித்தபோது, ஊரே எதிர்த்து எழுதிக் கொடுத்தது. அறுபத்து மூன்று ஆட்சேபணைக் கடிதங்கள். வருகிற வண்டியை, புகையை, சாக்கடையை யார் தாங்குவது என்று ஊர் மண்டபத்தில் சண்டை. அந்தக் கூட்டத்தில் எழுந்து, எதிர்ப்பை வாபஸ் வாங்கலாம் என்று பேசியவர் வால்டா. வீடு வரத்தான் போகிறது, நிறுத்த முடியாது, வருகிறபோது நமக்கு வேண்டியதை வாங்கிக்கொள்வோம் என்றார். கவுன்சிலின் திட்டப் புத்தகத்தைக் கையில் வைத்திருந்தார். இங்கே மனை போடுகிற எவரும் ஒவ்வொரு மனைக்கும் ஒரு பங்களிப்புத் தொகையைக் கவுன்சிலில் கட்ட வேண்டும். அந்தத் தொகையை என்னென்ன செய்யப் பயன்படுத்துவார்கள் என்று ஒரு பட்டியல் உண்டு. அதில் பதினான்காவது: ஸ்கின்னர் ஓடைமேல் நடைபாலம், பிள்ளைகள் பள்ளிக்கு நடந்து போக. வால்டா அதைச் சத்தமாகப் படித்துவிட்டு, “இது வரும். வரலைன்னா என்னைக் கேளுங்க” என்று சொன்னார்.

கடிதங்கள் வாபஸ் ஆயின. வீடுகள் வந்தன, நானூறுக்கு மேல். பதினோரு பிள்ளைகள் இருந்த கரையிலிருந்து தொண்ணூறு பிள்ளைகள் நடந்து வந்தார்கள். பாலம் மட்டும் வரவில்லை. வந்திருந்தால் வால்டாவுக்கு வேலை போயிருக்கும், ரோட்டில் கடக்க ஆளில்லாமல். அது அவருக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். அப்படியும் வருடத்துக்கு இரண்டு தடவை கவுன்சிலுக்கு எழுதிக்கொண்டே இருந்தார். “பரிசீலனையில் உள்ளது” என்று பதில் வரும்.

அவரைத் தினம் கேட்க ஒருத்தர் இருந்தார். நெவ் ஹாசல்டன், கிழக்குக் கரையில் ஆடு மேய்க்கிறவர். அறுபத்து மூன்று கடிதங்களில் கடைசியாக, மனசில்லாமல் வாபஸ் வாங்கியது அவருடையது. காலை எட்டரைக்குத் தன் பிக்கப் வண்டியில் வருவார், நாய் பின்னால் நிற்கும், பலகைக்கு முன்னால் வண்டியை நிறுத்திக் கண்ணாடியை இறக்குவார்.

“என்ன வால்டா, உன் பாலம் கப்பல்ல வருதா?”

“வருது, வருது. உன்னை ஏத்திட்டுப் போக ஒரு கப்பல் வருதுல்ல, அதுலயே வருது.”

ஆரம்பத்தில் இருவரும் சிரித்துக்கொள்வார்கள். ஆனால் ஒவ்வொரு நாளும், ஒன்பது வருடம், ஒரே கேள்வி. வால்டா அதற்குச் சிரிப்பதை விட்டுப் பல நாளாகியிருந்தது. நெவ் அதைக் கவனிக்கவில்லை, அல்லது கவனிக்காதது போல இருந்தார்.

மூன்று வருடத்துக்கு முந்தைய வசந்தத்தில் கம்பெனி தன் விற்பனை அலுவலகத்துக்குப் பக்கத்தில் ஒரு விழா நடத்தியது. குடியிருப்பின் நுழைவாயிலில், பெரிய கல் சுவரில் பெயர் எழுதி, அதன் மேல் தண்ணீர் வழிய விட்டு, முன்னால் புல்தரையும் நான்கு பெஞ்சும் ஒரு அடுப்பு மேடையும் போடப் போகிறார்களாம். ‘நுழைவுப் பூங்கா’. அதன் வரைபடத்தைத் தாங்கியில் நிறுத்தி வைத்திருந்தார்கள். பிள்ளைகளுக்குக் குதிக்கிற காற்றுக் கோட்டை, எல்லோருக்கும் ரொட்டியில் வைத்த சாசேஜ், வெங்காயம், இலவசம். அதோடு ஒரு குலுக்கல். பரிசு, இறைச்சித் தட்டு.

எங்கள் பக்கத்தில் இறைச்சித் தட்டுக் குலுக்கல் இல்லாமல் ஒரு நல்லது கெட்டது நடக்காது. கால்பந்து கிளப்பில், மதுக்கடையில், தீயணைப்பு நிலையத்தில், எங்கே போனாலும் பிளாஸ்டிக் தாள் மூடிய ஒரு தட்டில் சாப்ஸும் பேக்கனும் அடுக்கி வைத்திருப்பார்கள். பெயரை எழுதச் சொன்னால் எழுதுவோம். எதற்கென்று யாரும் கேட்பதில்லை. பெயர், முகவரி, கையெழுத்து என்று மூன்று கட்டம் போட்ட தாள் மேசையில் இருந்தது. குலுக்கலுக்கு எதற்குக் கையெழுத்து என்று அன்று அங்கே ஒருத்தருக்கும் தோன்றவில்லை. இருநூற்றுப் பன்னிரண்டு பேர் எழுதினோம். ஆம், நானும். நான்கு வருடம் உட்கார்ந்து இப்படிப்பட்ட தாள்களைப் பற்றியே படித்தவன், தக்காளி சாஸ் சொட்டுகிற ரொட்டியை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, மேலே என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்காமல் கையெழுத்துப் போட்டேன்.

முதல் ஆளாகப் போட்டவர் வால்டா. தட்டும் அவருக்கே விழுந்தது. எட்டு சாப்ஸ், இரண்டு கிலோ சாசேஜ், உப்புக்கண்டம் போட்ட ஒரு பெரிய மாட்டிறைச்சித் துண்டு. தட்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சிரிக்கிற படம் கம்பெனியின் செய்தி மடலில் வந்தது.

அடுத்த ஜூனில், எங்கள் பக்கத்தில் அது குளிர்காலம், மூடுபனி இறங்கிய ஒரு காலை, குல்விந்தர் கௌர் பாலத்தில் மாட்டிக்கொண்டார். குல்விந்தர் மேற்குக் கரையில் வீடு வாங்கி மூன்று வருடமாகிறது. மூத்தவன் பள்ளியில், இளையவள் தள்ளுவண்டியில். அன்று மூத்தவன் காலணி கிடைக்காமல் தாமதம். ஒன்பது பத்துக்குப் பாலத்துக்கு வந்தபோது வால்டா மேலங்கியைக் கழற்றிப் பையில் வைத்துவிட்டுத் தபாலகப் பக்கம் நடந்துகொண்டிருந்தார். பாலத்தின் பாதியில் பின்னால் லாரி. குல்விந்தர் மகனைத் தடுப்போடு சேர்த்து அழுத்தி, வண்டியை முன்னால் தள்ளினார். லாரியின் பக்கக் கண்ணாடி தள்ளுவண்டியின் குடையைப் பிய்த்துக்கொண்டு போனது. குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை. குல்விந்தருக்கு மணிக்கட்டு முறிந்தது.

சத்தம் கேட்டுத் திரும்பி ஓடி வந்தவர் வால்டா. அந்த வாரம் முழுக்க அவர் ஒன்பது மணிக்கு வீட்டுக்குப் போகவில்லை. பத்து வரை நின்றார். சம்பளம் ஒரு மணி நேரத்துக்குத்தான்.

நெவ் அந்த வாரம் கேள்வி கேட்கவில்லை. அதுதான் தனக்கு அதிகமாக வலித்தது என்று வால்டா பிறகு சொன்னார்.

கவுன்சிலுக்குப் போனார். இந்த முறை கடிதம் இல்லை, நேரில். முன்மேசையில் இருந்த பெண் கணினியைப் பார்த்துவிட்டு, பட்டியலில் பதினான்கு என்று ஒன்று இல்லையே, பதின்மூன்றுக்குப் பிறகு பதினைந்து வருகிறதே என்றாள்.

என்னைக் கூப்பிட்டார். இரண்டு நாள் உட்கார்ந்து கவுன்சிலின் தீர்மானங்களைத் தோண்டினேன். கிடைத்தது. மனை போடுகிற கம்பெனி தொகையைக் கட்டுவதற்குப் பதிலாக, பொதுமக்களுக்கு ஒன்றைத் தானே கட்டிக் கொடுத்தால், அந்த மதிப்பைக் கட்ட வேண்டியதில் கழித்துக்கொள்ளலாம். சட்டத்தில் உள்ளதுதான், நல்ல காரியத்துக்கும் பயன்படுகிறது. இந்தக் கம்பெனி கட்டிக் கொடுத்தது அந்த நுழைவுப் பூங்காவை. பெயர் எழுதிய சுவர், தண்ணீர், நான்கு பெஞ்சு. நடைபாலத்துக்கு என்று வைத்திருந்தது மொத்தமும் அதில் கழிந்துவிட்டது. தன் கடைக்குத் தானே விளம்பரப் பலகை வைத்துக்கொண்டு, அதைப் பிள்ளைகள் நடக்கிற பாலத்தின் கணக்கில் எழுதிவிட்டார்கள். கவுன்சில் கைதூக்கி ஒப்புக்கொண்டிருக்கிறது. காரணம் ஒரு வரி: ‘சமூகத்தின் பரவலான ஆதரவு கிடைத்துள்ளது.’

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அந்தத் தொகை கம்பெனியின் சொந்தப் பையிலிருந்து வருவதுபோல எல்லோரும் பேசுகிறார்கள். மனையின் விலையில் அதைச் சேர்த்துத்தான் விற்கிறார்கள். குல்விந்தர் வீட்டுக் கடனில் ஒவ்வொரு மாதமும் அந்தப் பாலத்துக்குக் கட்டிக்கொண்டிருந்தார், இல்லாத பாலத்துக்கு.

ஆகஸ்ட் மாதக் கவுன்சில் கூட்டத்துக்கு வால்டா கேள்வி எழுதிக் கொடுத்தார். பொதுமக்கள் கேள்வி நேரம் என்று ஒன்று உண்டு. முன்கூட்டியே எழுதிக் கொடுக்க வேண்டும், பேச இரண்டு நிமிடம், முடிந்தால் மணி அடிப்பார்கள். நானும் குல்விந்தரும் கூடப் போனோம். குல்விந்தர் கையில் மாவுக்கட்டு. கதவோரம் நெவ் வந்து நின்றார். ஏன் வந்தார் என்று நான் கேட்கவில்லை.

வால்டா எழுந்து கேட்டார். யாரைக் கேட்டுப் பாலத்தை எடுத்தீர்கள், எந்தச் சமூகம் ஆதரித்தது, எனக்கு ஒரு ஆளைக் காட்டுங்கள் என்றார்.

கட்டுமானப் பிரிவின் தலைவி ஃபெலிசிட்டி ஆஷ்வர்த் ஒரு பொத்தானை அழுத்தினார். சுவரில் தாள் விரிந்தது. மேலே சின்ன எழுத்தில் ஒரு வாக்கியம்: பதினான்காம் இனத்துக்குப் பதிலாக நுழைவுப் பூங்காவை முன்னுரிமையாகக் கட்டுவதை ஆதரிக்கிறோம். அதற்குக் கீழே, முதல் வரிசையில், உருண்டை உருண்டையான எழுத்தில் வால்டா டிரெலோர். கையெழுத்து. ஓரத்தில் ஒரு சாஸ் கறைகூட இருந்தது.

சபையில் யாரோ சிரித்தார்கள். மேயர் சிரிக்கவில்லை, ஆனால் தண்ணீர் குடிக்கிற சாக்கில் முகத்தை மறைத்துக்கொண்டார்.

“உங்களையே காட்டிட்டோம், மிசஸ் டிரெலோர்,” என்றார் ஃபெலிசிட்டி. குரலில் கெட்ட எண்ணம் இல்லை. அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரமாக இருக்கிறது. அந்தம்மாவைப் பொறுத்தவரை தாளில் கையெழுத்து இருக்கிறது, வேலை முடிந்தது.

மணி அடித்தது. வால்டா உட்கார்ந்தார்.

திரும்பி வருகிற வழியில் கார் ஓட்டியது நான். அவர் பக்கத்தில் பையை மடியில் வைத்துக்கொண்டு நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார். பத்துக் கிலோமீட்டர் தாண்டிய பிறகு சொன்னார்.

“நான் அதைச் சாப்பிட்டுட்டேன், லாக்கி. அந்தச் சாப்ஸ் மொத்தத்தையும் நான் சாப்பிட்டுட்டேன். நல்லா வேற இருந்துச்சு.”

பின் இருக்கையில் குல்விந்தர் முதலில் தயங்கி, பிறகு சத்தமாகச் சிரித்தார். வால்டாவும் சிரித்தார். சிரித்து முடித்ததும் அவர் முகம் என்னவோ போலாகிவிட்டது. மறுநாள் எட்டரைக்கு நெவ் வருவார். ஊரைக் கூட்டி வைத்து “என்னைக் கேளுங்க” என்று சொன்னவர் வால்டா. இப்போது பாலத்தை விற்றவரும் அவரே என்று தாளில் இருக்கிறது. மீதி நாளெல்லாம் இந்த ஊரில் அதோடுதான் நடமாட வேண்டும்.

அடுத்த ஞாயிறு அவர் வீட்டுச் சமையல் மேசையில் கம்பெனிக்கும் கவுன்சிலுக்கும் நடந்த ஒப்பந்தத்தை நான் வரி வரியாகப் படித்துக் காட்டினேன். சட்டத்தில் பிசகு இருக்குமா என்று தேடிக்கொண்டிருந்தேன். வக்கீல் வைத்தால் என்ன, மாநில அமைச்சருக்கு எழுதினால் என்ன என்று நான் என் படிப்பையெல்லாம் கொட்டினேன். ஓர் இடத்தில் வால்டா கையைக் காட்டி நிறுத்தினார். ‘எல்லோருக்கும் எப்போதும் திறந்திருக்கும், கவுன்சிலுக்குச் சொந்தமான பொதுப் பூங்கா’ என்கிற வரி.

“பொதுப் பூங்கான்னா, தீயணைப்பு நிலையத்துக்காரங்க ஆத்தோரப் பூங்காவுல சாசேஜ் சுட்டு விக்கிறாங்களே, அந்த மாதிரியா?”

ஆமாம், கவுன்சிலில் ஒரு படிவம் நிரப்பிக் கொடுத்தால் யார் வேண்டுமானாலும் நடத்தலாம் என்றேன்.

“அப்போ படிவம் எடுத்துட்டு வா.”

முன்மேசைப் பெண் அதே பெண்தான். முகவரியைப் பார்த்தாள், பொதுப் பூங்கா என்று கணினி சொன்னது, முத்திரை குத்திக் கொடுத்தாள். பன்னிரண்டு சனிக்கிழமைகள், பத்து மணியிலிருந்து இரண்டு வரை. வீடு பார்க்க நகரத்திலிருந்து ஆட்கள் வருகிற நேரம் அது.

முதல் சனிக்கிழமை, தண்ணீர் வழிகிற சுவருக்கு முன்னால், கம்பெனி போட்ட அடுப்பிலேயே வால்டா சாசேஜ் சுட்டார். குல்விந்தர் ஒற்றைக் கையால் பக்கோடா பொரித்தார், கணவர் வெங்காயம் நறுக்கினார். மேசையில் கம்பெனியின் பழைய விளம்பரப் புத்தகம் திறந்திருந்தது. ஓடைமேல் வளைந்த அழகான நடைபாலம், அதில் பலூன் பிடித்த குழந்தை. அந்தப் படத்தை அவர்கள் இன்னும் மாற்றியிருக்கவில்லை. பக்கத்தில் ஒரு கையெழுத்துத் தாள். அதன் மேல், உள்ளங்கை அகல எழுத்தில் வால்டாவே எழுதியிருந்தார்: ‘இது குலுக்கல் இல்லை. முழுசாகப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடவும். எங்கள் பாலத்தைத் திருப்பித் தாருங்கள் என்று இதில் கேட்கிறோம்.’

விற்பனை மேலாளர் ஜாரட் முதல் வாரம் வந்து சிரித்துவிட்டு இரண்டு சாசேஜ் வாங்கிப் போனார். இளம் வயசு, கூர்மையான காலணி, கெட்ட பிள்ளை என்று சொல்ல முடியாது. இரண்டாவது வாரம், வீடு பார்க்க வந்தவர்கள் அடுப்பில் ரொட்டி வாங்கிக்கொண்டு அவரிடம் போய், படத்தில் இருக்கிற பாலம் எங்கே என்று கேட்டார்கள். மூன்றாவது வாரமும் கேட்டார்கள். நான்காவது வாரம் ஒரு தம்பதி வாசலிலேயே காரைத் திருப்பிக்கொண்டு போனது.

அந்த நான்காவது வாரம்தான் நெவ் வந்தார். சாசேஜ் ஒன்று வாங்கிக் கடித்தார்.

“கருகிப் போச்சு.”

“உனக்குன்னு தனியா கருக்கினேன்.”

நெவ் தாளை எடுத்தார். மேலிருந்து கீழ்வரை, பின்பக்கம் திருப்பியும் படித்தார். பிறகு கையெழுத்துப் போட்டார். கருகாமல் சுட ஆள் வேண்டும் என்று சொல்லிவிட்டு, இடுக்கியை வால்டா கையிலிருந்து வாங்கி அடுப்புப் பக்கம் போய் நின்றார்.

ஆறாவது சனிக்கிழமை ஜாரட் ஒரு காவலாளியோடு வந்தார். இன்றோடு கிளம்புங்கள் என்றார். வால்டா முத்திரை குத்திய படிவத்தை நீட்டினார். ஜாரட் அதைப் பார்க்கக்கூட இல்லை.

“கவுன்சில் அனுமதியெல்லாம் இங்க செல்லாது வால்டா. இது கம்பெனி இடம்.”

“பொதுப் பூங்கான்னுல்ல சொன்னாங்க?”

“கடைசி மனை விக்கிற வரைக்கும் நிலம் எங்க பேர்லதான். பத்திரம் எங்ககிட்ட இருக்கு. நாங்க வேணாம்னா யாரும் உள்ள வரக் கூடாது.”

நான் வாயைத் திறக்கப் போனேன். வால்டா என் காலை மிதித்தார்.

“அப்படியா, எனக்குத் தெரியாதுப்பா,” என்றார் மெதுவாக. “வாயால சொன்னா நான் என்னன்னு போய்ச் சொல்றது? எழுதிக் குடுத்தீங்கன்னா, இப்பவே அடுப்பை அணைச்சிட்டு எல்லாரையும் கூட்டிட்டுப் போயிடுறேன்.”

ஜாரட்டுக்கு நிம்மதி. இவ்வளவு சுலபமாக முடியும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. உள்ளே போய்ப் பத்து நிமிடத்தில் கம்பெனியின் பெயர் அச்சிட்ட தாளில் கடிதத்தோடு வந்தார். நுழைவுப் பூங்கா கம்பெனியின் தனிச் சொத்து, பொதுமக்களுக்கு நுழையும் உரிமை இல்லை, கவுன்சிலுக்கு இதில் அதிகாரம் இல்லை, மீறினால் அத்துமீறலாகக் கருதப்படும்.

வால்டா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிதானமாகப் படித்தார்.

“கையெழுத்து?”

ஜாரட் கையெழுத்துப் போட்டார். வால்டா தேதி போடச் சொன்னார், தேதியும் போட்டார். ஒரு ரொட்டியை மடித்து, வெங்காயம் அதிகமாக வைத்து அவர் கையில் கொடுத்துவிட்டு, வால்டா அடுப்பை அணைத்தார்.

அக்டோபர் கூட்டத்துக்கு எழுதிக் கொடுத்த கேள்வி ஒரே ஒரு வரி. அந்த நுழைவுப் பூங்கா யாருக்குச் சொந்தம்?

ஃபெலிசிட்டி எழுந்து, அது எல்லோருக்கும் திறந்த, கவுன்சிலுக்குச் சொந்தமான பொதுப் பூங்கா, அந்த அடிப்படையில்தான் கழிவு வழங்கப்பட்டது என்று விளக்கமாகப் பதில் சொன்னார். சொன்னது பதிவாகிவிட்டதா என்று வால்டா மேயரைக் கேட்டார். பதிவாகிவிட்டது. அப்புறம் பையைத் திறந்து கடிதத்தின் நகலை ஒவ்வொரு உறுப்பினர் முன்னாலும் வைத்துக்கொண்டே போனார். எழுபது வயசு, முட்டி வலி, ஒன்பது மேசை. முடிக்கிறவரை யாரும் மணியை அடிக்கவில்லை.

மேயர் கடிதத்தை இரண்டு முறை படித்தார். ஃபெலிசிட்டி மூன்று முறை. கவுன்சில் தனக்குச் சொந்தமில்லாத இடத்துக்காக, உள்ளே போக உரிமையில்லாத புல்தரைக்காக, ஒரு பாலத்தையே தூக்கிக் கொடுத்திருக்கிறது. பத்திரம் யார் பெயரில் இருக்கிறது என்று அங்கே ஒருத்தரும் பார்க்கவில்லை. பார்க்கத்தான் சம்பளம் வாங்குகிறார்கள்.

“அன்னைக்கு நான் படிக்காம கையெழுத்துப் போட்டேன்,” என்றார் வால்டா. “என் தப்புதான், ஒத்துக்கிறேன். நான் ரோட்டுல நிக்கிறவ. நீங்க எதுக்கு இருக்கீங்க?”

கழிவு ரத்தானது. பதினான்காம் இனம் பட்டியலுக்குத் திரும்பி வந்தது. கம்பெனி வக்கீலை வைத்துப் பார்த்தது. சொந்த மேலாளரின் கையெழுத்து எதிரே இருந்ததால் வழியில்லாமல் தொகையைக் கட்டியது. பதினாறு மாதத்தில் பாலம் எழுந்தது. படத்தில் இருந்ததுபோல வளைவு இல்லை. நேரான, அகலம் குறைந்த, சாம்பல் நிற இரும்புப் பாலம். தள்ளுவண்டி போகும். எதிரே இன்னொன்று வந்தால் உரசாமல் போகும். அதை முதலிலேயே வால்டா அளந்து பார்த்துவிட்டார்.

இதை வெற்றி என்று எழுத எனக்குக் கை வரவில்லை. ஊரை நம்ப வைத்து, சட்டத்தில் எழுதி, ஒவ்வொரு வீட்டுக்காரரிடமும் முன்கூட்டியே வசூலித்த ஒரு பாலத்துக்காக, எழுபது வயசுக்காரி ஒருத்தர் ஆறு சனிக்கிழமை எண்ணெய்ப் புகையில் நிற்க வேண்டியிருந்தது. ஒரு பெண்ணின் மணிக்கட்டு உடைய வேண்டியிருந்தது. எதிராளி தன் வாயாலேயே மாட்டிக்கொண்டதால் தப்பித்தோம். அந்தப் பையன் கொஞ்சம் விவரமாக இருந்திருந்தால்?

திறப்பு விழாவுக்கு மேயர் கழுத்துப்பட்டையோடு வந்தார். கம்பெனியிலிருந்து ஜாரட்டுக்குப் பதிலாக வேறு யாரோ வந்தார். திரையை விலக்கினார்கள். கைப்பிடித் தூணில் ஒரு பித்தளைத் தகடு: ‘மெரிபூல் மக்களுக்கு ஸ்பூன்பில் ஷோர்ஸ் நிறுவனத்தின் அன்பளிப்பு.’

குல்விந்தர் அதைப் படித்துவிட்டு, தன் வீட்டுக் கடனுக்கு இன்னும் இருபத்தாறு வருடம் பாக்கி இருக்கிறது, அதுவும் அவர்கள் அன்பளிப்பா என்று என்னிடம் கேட்டார்.

நாடாவை வெட்டினார்கள். பிள்ளைகள் ஓடத் தயாராக நின்றார்கள். மேயர் வால்டாவைப் பார்த்து, முதலில் நடக்கும் மரியாதை உங்களுக்குத்தான் என்று கையை நீட்டினார். வால்டா நகரவில்லை. ஆரஞ்சு மேலங்கியைப் போட்டுக்கொண்டு வந்திருந்தார். அந்த வேலைக்கு அதுதான் கடைசி வாரம். இனிமேல் தேவையில்லை என்று கடிதம் முன்பே வந்துவிட்டது, அது மட்டும் தாமதமில்லாமல்.

“அது அங்க இருக்கிற வரைக்கும் நான் கால் வைக்க மாட்டேன்,” என்றார்.

மேயர் ஏதோ சமாதானம் சொன்னார். கம்பெனி ஆள் கைபேசியைப் பார்த்துக்கொண்டார். நெவ் தன் பிக்கப் வண்டிக்குப் போய், திருப்புளியோடு வந்தார். நான்கு திருகாணிகள். அவர் ஒவ்வொன்றாகக் கழற்றி மேயரின் கையில் வைத்தார். மேயர் வாங்கிக்கொண்டார், வேறு என்ன செய்வதென்று தெரியாமல். தகட்டை நெவ் தன் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார்.

“வா வால்டா. கப்பல் வந்திருச்சு.”

இருவரும் நடந்தார்கள். நாய் முன்னால் போனது.

அடுத்த திங்கள் ஃபெலிசிட்டி வால்டாவுக்குத் தொலைபேசியில் பேசினார். தகடு காணவில்லை, அது பொதுச் சொத்து, யாரிடம் இருக்கிறது என்று தெரிந்தால் சொல்ல வேண்டும் என்றார். தகடு அப்போது நெவ் வீட்டில், நாய்த் தீனி டிரம்முக்கு மூடியாக இருந்தது.

“பொதுச் சொத்துன்னு எழுதி, கையெழுத்துப் போட்டு அனுப்புங்க,” என்றார் வால்டா. “படிச்சுப் பார்த்துட்டுச் சொல்றேன்.”

இதுவரை கடிதம் வரவில்லை.